தங்கும் செல், வந்துபோகும் செல்: ஆய்வகத் தோல் புண்ணை எப்படி ஆற்றுகிறது?

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் போட்டால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். அதில் 10 சதவீதம் ஆழமாக வெந்துபோனால் அறுவை மருத்துவருக்கு வழி தெரியும். தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ மெல்லிய தோலைச் சீவி எடுத்துப் புண்ணின் மேல் ஒட்டிவிடுவார். சீவிய இடம் இரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும். இன்னும் கொஞ்சம் பரப்பு வேண்டுமென்றால், சீவிய தோலில் வரிசையாகச் சின்னக் கீறல்கள் போட்டு வலை போல இழுத்து விரிக்கலாம். ஆனால் உடம்பில் பாதிக்கு மேல் வெந்துவிட்டால் இந்தக் கணக்கு உதைக்கும். 80, 90 சதவீதம் என்றால் சீவி எடுக்க இடமே இருக்காது. இறந்தவரின் தோலை வாங்கி ஒட்டலாம், ஆனால் சில வாரங்களில் உடம்பின் எதிர்ப்பு சக்தி அதைத் தள்ளிவிடும்.

இந்த முட்டுச்சந்தில் பிறந்ததுதான் ஆய்வகத்தில் தோல் வளர்க்கும் முயற்சி. அதற்கு வயது ஐம்பது ஆகிவிட்டது. ஆனாலும் செய்திகளில் ஒவ்வொரு முறையும் நேற்றுக் கண்டுபிடித்த மாதிரிதான் வருகிறது. கூடவே ஒரு குழப்பமும் வருகிறது. ஸ்டெம் செல் என்றால் தானும் பெருகி, புதுத் திசுவுக்கான செல்களையும் தரும் மூலச் செல். 'ஸ்டெம் செல் வைத்துப் புண்ணை ஆற்றுகிறார்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள், அதற்குள் இரண்டு வேறு வேறு வைத்தியங்கள் இருக்கின்றன. ஒன்றில், புண்ணில் வைக்கும் செல் அங்கேயே பிடித்துக்கொண்டு ஆயுள் முழுக்கத் தோலை உற்பத்தி செய்ய வேண்டும். இன்னொன்றில், செல் சில நாளோ சில வாரமோ இருந்து, சுற்றியுள்ள திசுவுக்கு வேதிச் சைகைகளைக் கொடுத்துவிட்டு மறைந்துவிடும். முதல் வகை தங்குகிறது, இரண்டாவது வந்துபோகிறது. எந்தச் சிகிச்சையைப் பற்றிப் படித்தாலும் செல் தங்குமா போகுமா என்று முதலில் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மேல்தோல் எங்கிருந்து முளைக்கிறது

தோலுக்கு இரண்டு முக்கிய அடுக்கு. வெளியே இருப்பது மேல்தோல். பெரும்பாலான இடங்களில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். அதன் கீழே அடித்தோல். கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளும் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்தது, தோலுக்கு வலுவும் மீள்தன்மையும் தருவது. மேல்தோலின் அடிவரிசையில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை பிரியப் பிரிய, புதிய செல்கள் மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, செத்து, கடைசியில் உதிர்கின்றன. ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை நம் மேல்தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது.

ரோமக்காலின் பக்கவாட்டில் ஒரு சின்னப் புடைப்பு உண்டு. அங்கே ஸ்டெம் செல்களின் இன்னொரு கூட்டம் இருக்கிறது. 1990இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். சாதாரண நாட்களில் இவற்றின் வேலை ரோமம் வளர்ப்பதோடு சரி. மேலே காயம் பட்டால் இவையும் ஏறிவந்து மேல்தோலை மூடக் கைகொடுக்கும். முன்கையில் பட்ட அகலமான சிராய்ப்பை நாலைந்து நாள் கழித்து நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஓரத்திலிருந்து புதுத் தோல் வருவது ஒரு பக்கம். புண்ணின் நடுவிலேயே வெளிறிய சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ரோமக்காலின் வாய். அந்தப் புள்ளிகள் விரிந்து, பக்கத்துப் புள்ளியைத் தொட்டு, மொத்தமாக மூடிக்கொள்ளும்.

ஆழமான தீக்காயத்தில் ரோமக்கால்களும் சேர்ந்தே வெந்துவிடுகின்றன. அப்புறம் விளிம்பு ஒன்றுதான் கதி. விளிம்பிலிருந்து செல்கள் நகரும் வேகம் நாளைக்கு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. உடம்பு அவ்வளவு நாள் பொறுத்திருக்காது. கிருமி உள்ளே வரும், நீர் வெளியே போகும். அதனால் அவசரத்துக்கு ஒரு வேலை செய்கிறது. அடித்தோலில் கொலாஜனை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், தசை போலச் சுருங்கும் செல்களாக மாறிப் புண்ணின் ஓரங்களை உள்ளே இழுக்கின்றன. காலி இடத்தில் கொலாஜனைத் திணித்து அடைக்கின்றன. நல்ல தோலில் கொலாஜன் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். தழும்பில் ஒரே பக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். எத்தனை வருஷம் ஆனாலும் தழும்பின் வலு பழைய தோலில் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் போவதில்லை. அதில் ரோமம் இல்லை, வேர்வைச் சுரப்பி இல்லை. கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ வந்தால் மூட்டையே இழுத்து மடக்கிவிடும்.

1975: எதிர்பாராமல் கிடைத்த வழி

மனித மேல்தோல் செல்லை உடம்புக்கு வெளியே வளர்ப்பது வெகுகாலம் முடியாமலே இருந்தது. தட்டில் போட்டால் சில முறை பிரியும், பிறகு நின்றுவிடும். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் ஹோவர்ட் கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்ட் இருவரும் வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து செல்களை வளர்த்தபோது, நடுவே தோல் செல்களைப் போன்ற கூட்டங்கள் தலைகாட்டின. கூடவே எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் இருந்தால்தான் அவை நன்றாக வளர்ந்தன. அதே உத்தியை மனிதத் தோல் செல்லுக்கும் போட்டுப் பார்த்தார்கள். எலி செல்கள் பெருகிவிடாமல் கதிர்வீச்சு கொடுத்துத் தட்டின் அடியில் பரப்பி, அதன்மேல் மனித செல்களை விதைத்தார்கள். அவை தலைமுறை தலைமுறையாகப் பிரிந்தன. 1975இல் இது வெளியானது.

அடுத்த சிக்கல், தட்டில் வளர்ந்த படலத்தைக் கிழியாமல் எடுப்பது. 1979இல் டிஸ்பேஸ் என்ற நொதியைக் கொண்டு, செல்களுக்கு இடையே உள்ள பிடிப்பை விட்டுவிட்டு தட்டோடு இருக்கும் பிடிப்பை மட்டும் கழற்றினார்கள். இந்த வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் நுணுக்கம் புரியும். நோயாளியிடமிருந்து தபால் தலை அளவு தோலை வெட்டி எடுத்து, நொதியில் ஊறவைத்துச் செல்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். மூன்று வாரம் போல வளர்த்தபின் தட்டுகள் நிறைந்துவிடும். டிஸ்பேஸ் பட்டதும் படலம் ஓரத்திலிருந்து எழும்பும், எழும்பியதுமே சுருங்கும். சில செல் அடுக்குகள்தான் கனம், விரலால் தூக்க முடியாது. வாசலின் தடவிய வலைத்துணியில் விரித்துச் சின்னக் கிளிப்புகளால் பிடிக்க வேண்டும். எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்று மாறிவிடக் கூடாது. அடிப்பக்கம்தான் புண்ணைத் தொட வேண்டும், ஏனென்றால் ஸ்டெம் செல்கள் இருப்பது அங்கே. வலைத்துணியைப் பிரித்துப் பார்க்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பிடித்ததா இல்லையா என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

1983இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஐந்து, ஆறு வயதுச் சகோதரர்கள் இருவருக்கு உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் தீக்காயம். பாஸ்டனில் வைத்து, அவர்களுடைய சொந்தச் செல்லிலிருந்து வளர்த்த படலங்களால் உடம்பில் பாதியளவு பரப்பை மூடினார்கள். இருவரும் பிழைத்தார்கள். 1984இல் இது மருத்துவ இதழில் வந்தபோது, அதுவரை பிழைக்கவே முடியாது என்று ஒதுக்கிய காயங்களின் கணக்கு மாறியது. இந்த முறையிலிருந்து வந்த எபிசெல் என்ற தயாரிப்பு இன்றும் பெரிய தீக்காயங்களுக்குப் பயன்படுகிறது. தட்டில் எலி செல்கள் இருப்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை வேற்று உயிரினத் திசு மாற்று என்ற வகையிலும் சேர்த்து வைத்திருக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

சரி, அப்படியானால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்க வேண்டுமே? முடியவில்லை. வளர்த்த படலத்தில் மேல்தோல் மட்டும்தான் உண்டு, அடித்தோல் கிடையாது. தேய்த்தால் கொப்புளம் வரும், சின்ன உராய்வில் உரிந்துவிடும். மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் நுண்ணிழைகள் முழுதாக உருவாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பது பின்னால் தெரிந்தது. கிருமி இருக்கும் புண்ணில் வைத்தால் படலம் கரைந்தே போய்விடும். நாற்றங்காலில் எவ்வளவு திடமான நாற்று வளர்த்தாலும் நடும் வயல் சரியில்லாவிட்டால் பயிர் நிற்காது அல்லவா, அந்த நிலைதான்.

மேல்தோல் முதலில் கைக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதில் ரத்தக் குழாயே கிடையாது. கீழிருந்து ஊறி வரும் ஊட்டத்திலேயே அது வாழ்ந்துவிடும். கனமான திசுவுக்கு அது முடியாது. ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு மேல் தள்ளியிருக்கும் செல்லுக்கு ஆக்ஸிஜன் போதாமல் போகும். ஒட்டும் அடித்தோலுக்குள் குழாய்கள் வளர்ந்து வர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். அதற்குள் உள்ளே இருப்பது செத்துவிடும். திசுப் பொறியியல் இன்றுவரை முட்டிக்கொண்டு நிற்கும் சுவர் இது.

செல்லே இல்லாத தளம்

இந்தச் சுவரைச் சுற்றிப் போக ஒரு வழியை 1981இல் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் எம்ஐடியின் அயோனிஸ் யானஸும் காட்டினார்கள். செல்லை வைக்காமல் வெறும் தளத்தை மட்டும் வைப்பது. மாட்டுக் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறையும் கலந்து, நுண்துளைகள் நிறைந்த ஒரு பஞ்சை உறைய வைத்து உலர்த்திச் செய்தார்கள். மேலே மெல்லிய சிலிக்கோன் தாள், தற்காலிக மேல்தோலாக. புண்ணில் பொருத்தியதும் நோயாளியின் சொந்த ஃபைப்ரோபிளாஸ்ட்களும் ரத்தக் குழாய்களும் துளைகளுக்குள் நுழைகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த இடத்தில் அடித்தோல் மாதிரியான ஒரு திசு நிற்கிறது. அப்புறம் சிலிக்கோனை உரித்துவிட்டு மிக மெல்லிய ஒட்டுத்தோலை வைக்கலாம்.

துளையின் அளவுதான் இங்கே சூட்சுமம். ரொம்பச் சின்னதாக இருந்தால் செல் நுழையாது. ரொம்பப் பெரிதாக இருந்தால் செல்கள் ஒட்டிப் படரப் போதிய பரப்பு இருக்காது, வழக்கம்போலப் புண்ணைச் சுருக்கப் போய்விடும். சரியான அளவில் இருந்தால் அவை தளத்தின் இழைகளில் நாலா பக்கமும் பிடித்துக்கொண்டு, ஒரே திசையில் இழுப்பதை விட்டுவிடுகின்றன. இன்டெக்ரா என்ற பெயரில் 1996இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. தோல் திசுப் பொறியியலில் அதிகம் புழங்கும் பொருள்களில் ஒன்று இதுதான். இதில் ஒரு ஸ்டெம் செல்கூட இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

1986இல் சார்லஸ் குவோனோவின் குழு வேறு வழியில் போனது. இறந்தவரின் தோலைப் புண்ணில் ஒட்டி, ரத்தக் குழாய்கள் பிடிக்கும்வரை விட்டு, பிறகு அதன் மேல்தோலை மட்டும் உரித்துவிட்டு நோயாளியின் சொந்தப் படலத்தை அதன்மேல் வைத்தார்கள். உடம்பு அதிகம் எதிர்ப்பது மேல்தோலின் செல்களைத்தான். அடித்தோலில் பெரும்பகுதி வெறும் இழைகள் என்பதால் அதை ஓரளவு ஏற்றுக்கொள்கிறது.

வந்துபோகும் செல்கள்

தீக்காயத்தை விட்டு ஆறாத புண்ணுக்கு வருவோம். சர்க்கரை நோயாளியின் காலில் வரும் புண்ணில் தோல் செல்கள் இல்லாமல் போகவில்லை. விளிம்பில் நிறையவே இருக்கின்றன, ஆனால் நகர மறுக்கின்றன. நரம்பு மரத்துப்போய், அதே இடத்தில் அழுத்தம் விழுவது தெரிவதில்லை. ரத்த ஓட்டம் குறைவு. கிருமிகள் கூட்டமாக ஒரு பிசின் படலத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. வெள்ளை அணுக்கள் விடாமல் உமிழும் நொதிகள், புதிதாகப் போடப்படும் கொலாஜனையும், செல்களை வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளையும் போட்ட கையோடு அரித்துவிடுகின்றன. அழற்சிக் கட்டத்திலேயே புண் சிக்கிக்கொள்கிறது.

ஒரே ஒரு வளர்ச்சிக் காரணியை மட்டும் தடவினால் போதாதா என்று முதலில் முயன்றார்கள். பெகாப்ளெர்மின் என்ற களிம்புக்கு 1997இல் அனுமதி கிடைத்தது. பலன் உண்டு, ஆனால் பெரிதாக இல்லை. நொதிகள் நிறைந்த குட்டையில் ஒரு புரதத்தைத் தடவினால் அது எத்தனை நேரம் நிற்கும்?

உயிருள்ள செல்லை வைத்தால் அது புண்ணின் நிலைமையைப் பார்த்துப் பல காரணிகளைத் தொடர்ந்து சுரக்கும். எம்ஐடியைச் சேர்ந்த யூஜின் பெல் 1980 வாக்கில் ஃபைப்ரோபிளாஸ்ட்களைக் கொலாஜன் கூழில் கலந்தார். செல்களே கூழை இழுத்துச் சுருக்கி, தோல் போன்ற ஒரு தகடாக்கின. அதன்மேல் மேல்தோல் செல்களை வளர்த்தால் இரண்டு அடுக்குத் தோல். இந்த வழியில் வந்த அப்ளிகிராஃப், பிறந்த குழந்தைகளுக்கு முன்தோல் நீக்கும்போது கிடைக்கும் தோலிலிருந்து செல்களை எடுத்துச் செய்யப்படுகிறது. 1998இல் காலின் சிரை நோய்ப் புண்களுக்கும், 2000இல் சர்க்கரை நோய்ப் பாதப் புண்களுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பாதப் புண்ணில் நடந்த முக்கியச் சோதனையின் முடிவு 2001இல் வந்தது. பன்னிரண்டு வாரத்தில் அப்ளிகிராஃப் வைத்தவர்களில் 56 சதவீதம் பேருக்குப் புண் முழுதாக மூடியது. வழக்கமான நல்ல கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 38 சதவீதம். விளம்பரங்கள் முதல் எண்ணைப் பெரிதாகப் போடும். எனக்கு இரண்டாவது எண்தான் அதைவிட முக்கியமாகப் படுகிறது. செத்த திசுவை ஒழுங்காக வெட்டி நீக்கி, ஈரம் காக்கும் கட்டுப் போட்டு, பாதத்தின் மேல் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொண்டதிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆறியிருக்கிறது. செல் சிகிச்சை இதன் மேல் ஏறி நிற்கிறது, இதற்கு மாற்றாக வருவதில்லை. காலுக்கு ரத்தமே போகாத நோயாளிக்கு எந்தத் தகட்டை வைத்தும் பயனில்லை, முதலில் அடைப்பைச் சரிசெய்ய வேண்டும்.

அப்ளிகிராஃபின் செல்கள் நோயாளியின் தோலாக மாறுவதில்லை. சில வாரங்களுக்குப் பிறகு தேடினால் கிடைக்காது. அவை கொடுத்த சைகையில் விளிம்பில் தூங்கிக் கிடந்த சொந்தச் செல்கள் நகர்ந்திருக்கும்.

எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் எடுக்கும் மெசன்கைமல் ஸ்டெம் செல்களும் இதே வகைதான். இவை தோலாகவும் ரத்தக் குழாயாகவும் மாறிவிடும் என்றுதான் ஆரம்பத்தில் பேச்சு. குறியிட்டுப் பின்தொடர்ந்தபோது பெரும்பாலானவை சில நாட்களிலேயே செத்துப்போவது தெரிந்தது. ஆனாலும் விலங்குகளில் புண் வேகமாக ஆறியது. செல் போன பிறகும் அது சுரந்தது வேலை செய்திருக்கிறது. புது ரத்தக் குழாய்களைத் தூண்டும் புரதங்கள், அழற்சியைக் கிளப்பும் மேக்ரோஃபேஜ் செல்களைத் திசு சீரமைக்கும் நிலைக்கு மாற்றும் சைகைகள், எக்ஸோசோம் எனப்படும் நுண்பைகள். அப்படியானால் செல் எதற்கு, எக்ஸோசோமை மட்டும் எடுத்துத் தடவலாமே என்று இப்போது ஒரு பெரிய கூட்டம் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. யோசனை நியாயமானது. பைக்குள் என்ன, எவ்வளவு இருக்கிறது என்பது ஒவ்வொரு தொகுப்பிலும் மாறுவதுதான் தொல்லை.

இந்த இடத்தில்தான் வியாபாரிகளும் புகுந்துகொள்கிறார்கள். 'ஸ்டெம் செல்' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, சோதனையே நடக்காத ஊசிகளைப் போடும் கிளினிக்குகள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் எக்ஸோசோம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கடுமையான பாதிப்பு வந்ததையடுத்து, 2019 டிசம்பரில் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பொதுமக்களுக்கே எச்சரிக்கை விட்டது. செல் தங்குமா போகுமா, தங்கினால் எதுவாக மாறும், போனால் எதை விட்டுச் செல்லும் என்று கேட்டால் இத்தகைய இடங்களில் தெளிவான பதில் வராது.

தங்கும் செல்: ஒரு சிறுவனின் தோல்

தங்கும் செல்லுக்கு இதுவரை கிடைத்த மிகத் தெளிவான சான்று, தீக்காயமே படாத ஒரு நோயாளியிடமிருந்து வந்தது. எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்பது பிறவித் தோல் நோய். மேல்தோலை அடித்தோலோடு ஒட்டும் புரதங்களில் ஒன்று பழுதாக இருக்கும். தொட்டாலே தோல் கழன்று கொப்புளமாகும். 2015இல் ஜெர்மனியின் போஹும் நகர மருத்துவமனைக்கு, சிரியாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் ஏழு வயதுச் சிறுவனைக் கொண்டுவந்தார்கள். கிருமித் தொற்றால் மேல்தோலில் சுமார் 60 சதவீதம் போய்விட்டிருந்தது. அப்பாவின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. வலியைக் குறைத்து நிம்மதியாக வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற கட்டத்தில், இத்தாலியின் மோடெனாவில் இருந்த மிக்கேலே தெ லூக்கா, கிராட்ஸியெல்லா பெல்லெக்ரீனி குழுவை நாடினார்கள்.

கொப்புளம் வராத ஓர் இடத்திலிருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோல் மோடெனாவுக்குப் போனது. சிறுவனிடம் பழுதாக இருந்தது, இப்படி ஒட்டும் புரதங்களில் ஒன்றான லாமினின் புரதத்தின் ஒரு பகுதியைத் தரும் மரபணு. அதன் நல்ல பிரதியை ஒரு வைரஸ் வழியாகச் செல்களுக்குள் செலுத்தி, கிரீனின் முறையில் படலங்களாக வளர்த்தார்கள். 2015 அக்டோபருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே மூன்று அறுவைகளில் ஏறக்குறைய 0.85 சதுர மீட்டர் படலத்தை ஒட்டினார்கள். அவனுடைய மேல்தோலில் 80 சதவீதம் மாற்றப்பட்டுவிட்டது. சிறுவன் பள்ளிக்குத் திரும்பினான், பந்து விளையாடினான். ஐந்து வருஷம் கழித்தும் தோல் உறுதியாக நின்றது என்று 2021இல் எழுதினார்கள்.

வைத்தியத்தைத் தாண்டி இதில் ஓர் ஆய்வுச் செல்வமும் கிடைத்தது. வைரஸ் ஒவ்வொரு செல்லின் மரபுத் தொடரிலும் வெவ்வேறு இடத்தில் போய் உட்காரும். அந்த இடமே அந்தச் செல்லுக்கும் அதன் வாரிசுகளுக்கும் ஓர் அடையாள முத்திரை. ஒட்டும்போது படலத்தில் ஆயிரக்கணக்கான முத்திரைகள் இருந்தன. மாதங்கள் போகப் போகப் பெரும்பாலானவை காணாமல் போயின. மிஞ்சிய சில நூறு முத்திரைகள்தான் முழுத் தோலையும் திரும்பத் திரும்ப உற்பத்தி செய்துகொண்டிருந்தன.

கிரீனும் யான் பாரோந்தோனும் 1987இலேயே இதைத் தட்டில் பார்த்திருந்தார்கள். ஒரே மாதிரித் தெரியும் தோல் செல்களைத் தனித்தனியாக வளர்த்தால் சில சீக்கிரமே ஓய்ந்துவிடும், சில கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், மிகச் சிலதான் நூறு தலைமுறைக்கு மேல் பிரியும். அந்தக் கடைசி வகைக்கு ஹோலோகுளோன் என்று பெயர் வைத்தார்கள். எலும்பாக, மூளையாக எதுவாகவும் மாறக்கூடிய செல் என்று நாம் கற்பனை செய்யும் வகை இதில்லை. தோலை மட்டுமே செய்யத் தெரிந்த, ஆனால் ஓயாமல் செய்யத் தெரிந்த செல். படலம் பார்வைக்கு அழகாக இருந்தும் சில மாதத்தில் உதிர்ந்துபோவது ஏன் என்பதற்கும் விடை இங்கேதான். அவசரப்பட்டோ தவறான ஊட்டக் கரைசலிலோ வளர்த்தால் தட்டு நிறையும், ஹோலோகுளோன்கள் தீர்ந்துபோயிருக்கும். கண்ணின் கருவிழிக்காக மோடெனா குழு வளர்த்த ஸ்டெம் செல்களில் இதை எண்ணிக்கையாகவே காட்டினார்கள். ஸ்டெம் செல்லின் அடையாளமான பி63 புரதம் நிறைந்த செல்கள் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வெற்றி, குறைந்தால் பெரும்பாலும் தோல்வி.

இதே வழியில் 2025 ஏப்ரலில், எபிடெர்மோலிசிஸ் புல்லோசாவின் இன்னொரு வகைக்கு, மரபணு திருத்திய சொந்தச் செல் படலத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு அதே நோய்க்கு ஒரு தடவும் மருந்தும் வந்திருந்தது. அந்த மருந்தில் மரபணுவைச் சுமக்கும் வைரஸ், செல்லின் மரபுத் தொடரோடு கலப்பதில்லை. செல் உதிர்ந்தால் திருத்தமும் உதிரும், மறுபடி தடவ வேண்டும். தங்குவதும் வந்துபோவதும் மரபணு சிகிச்சையிலும் இப்படிப் பிரிகிறது. தங்குவதில் ஆபத்தும் உண்டு. வைரஸ் தவறான இடத்தில் உட்கார்ந்து புற்றுநோயைத் தூண்டுமா என்று பல வருஷம் கண்காணிக்க வேண்டும்.

நேரத்தோடு போட்டி

மூன்று வாரம் வளர்க்கும் வரை புண் திறந்திருக்க முடியாது. இதற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து அறுவை மருத்துவர் ஃபியோனா வுட் கண்ட வழி, வளர்ப்பதையே குறைத்துக்கொள்வது. சின்னத் துண்டுத் தோலை எடுத்து, அறுவை அறையிலேயே நொதியில் பிரித்து, செல்களை நீர்மமாக்கிப் புண்ணில் தெளித்துவிடுவது. அரை மணி நேர வேலை. 1 சதுர சென்டிமீட்டர் தோல் 80 சதுர சென்டிமீட்டர் வரை போதும். நிறமிச் செல்களும் கூடவே போவதால் நிறம் ஓரளவு ஒத்துவருகிறது. 2002இல் பாலித் தீவில் குண்டு வெடித்துக் காயமடைந்தவர்களுக்கு இந்தத் தெளிப்பு முறையைப் பயன்படுத்தியபோது உலகம் கவனித்தது. 2018இல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. ஆழமான காயத்தில் இதை மட்டும் தெளித்தால் போதாது, வலையாக விரித்த ஒட்டுத்தோலின் இடைவெளிகளை நிரப்ப உதவும்.

முப்பரிமாண அச்சில் தோலை அச்சிடுவது பற்றி நிறையப் படங்கள் வருகின்றன. செல்லை அடுக்கடுக்காக வைக்க அது நல்ல கருவிதான். ஆனால் தடங்கல் அடுக்குவதில் இல்லை. அடுக்கியதற்கு எத்தனை நாளில் ரத்தம் போய்ச் சேரும் என்பதில் இருக்கிறது.

இன்னும் எட்டாதவை வேர்வைச் சுரப்பியும் ரோமமும். உடம்பில் பாதிக்கு மேல் ஒட்டுத்தோல் உள்ளவர் வெயிலில் நின்றால் உடம்பு குளிர வழியில்லை, மயங்கி விழும் அபாயம் நிஜமானது. 2020இல் கார்ல் கோலரின் குழு மனித ஸ்டெம் செல்களிலிருந்து ரோமம், எண்ணெய்ச் சுரப்பி, நரம்பு எல்லாம் கொண்ட தோல் உருண்டைகளை வளர்த்துக் காட்டியது. நான்கைந்து மாதம் பிடித்தது. உருண்டை உள்வெளி மாறி வளர்ந்தது, தோலின் வெளிப்பக்கம் உள்ளேயும் ரோமத்தின் வேர்கள் வெளியேயும். வேர்வைச் சுரப்பி அதிலும் வரவில்லை.

உடம்பையே இணங்க வைப்பது

இன்னொரு கூட்டம், செல்லைக் கொண்டுபோய் வைப்பதை விட்டுவிட்டு உடம்பு ஏன் தழும்பு போடுகிறது என்று தேடுகிறது. கருவில் இருக்கும் சிசுவுக்கு ஆரம்ப மாதங்களில் காயம்பட்டால் தழும்பே விழுவதில்லை. ஆப்பிரிக்காவின் முள்ரோமச் சுண்டெலி (spiny mouse), பிடித்தால் முதுகுத் தோலில் பாதிக்கு மேல் கழற்றிவிட்டு ஓடி, பிறகு ரோமத்தோடு திரும்ப வளர்த்துக்கொள்கிறது. 2012இல் இது வெளிவந்தது.

2015இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு, எலியின் முதுகுத் தோலில் தழும்பைப் போடுவது பெரும்பாலும் ஒரே பரம்பரை ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்று கண்டது. என்கிரெய்ல்டு-1 என்ற மரபணுவை வைத்து அவற்றை அடையாளம் காணலாம். புண்ணில் உண்டாகும் இழுவிசைதான் இந்த மரபணுவை மற்ற ஃபைப்ரோபிளாஸ்ட்களிலும் உசுப்புகிறது என்று 2021இல் தெரிந்தது. வெர்டெபோர்ஃபின் என்ற, கண் சிகிச்சையில் ஏற்கெனவே புழங்கும் மருந்தைப் போட்டு அந்தச் சைகையைத் தடுத்தபோது, எலியின் புண் ரோமக்காலோடும் சுரப்பியோடும் ஆறியது. வெளியிலிருந்து எந்தச் செல்லும் வைக்கவில்லை.

எலியை அப்படியே நம்ப முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் தோலுக்கு அடியில் ஒரு தசைத் தகடு உண்டு, புண்ணை அது சுருக்கியே மூடிவிடும். அதனால் ஆய்வாளர்கள் புண்ணைச் சுற்றி சிலிக்கோன் வளையம் தைத்து, சுருங்காமல் பிடித்துவைத்துத்தான் அளக்கிறார்கள். மனிதத் தோல் கீழே இறுக ஒட்டியிருப்பது, இழுவிசையும் அதிகம். மருந்து மனிதரில் என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி. ஆனால் இழுவிசை விஷயத்தில் மனிதரிடமே ஒன்றைப் பார்த்தாகிவிட்டது. அறுவைத் தையலின் மேல், ஓரங்களை உள்நோக்கி அணைத்துப் பிடிக்கும் ஒட்டுப்பட்டைகளைப் பல வாரம் போட்டு வைத்தபோது, பட்டை போட்ட பக்கத்துத் தழும்பு போடாத பக்கத்தைவிடப் பார்வைக்கு நன்றாக இருந்தது.